வெட்கப்படத் தெரிந்த தகப்பன்

தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) ‘மீன்கள்’ சிறுகதையை லயத்து இடநெருக்கடியின் சித்திரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது சரியே, ஆனால் போதாது.

குடும்பம் முழுவதற்கும் ஒரே காம்பரா. இருட்டில் மனைவியென்று எண்ணி, வளர்ந்த மகளைத் தொட்டுவிடுகிறான் தகப்பன். அதன்பின் அவனைப் பிடுங்கித் தின்னும் வெட்கத்தில்தான் கதையின் உயிர் இருக்கிறது. அந்த வெட்கம், வேறு காம்பரா தேடும் பொறுப்பாக மாறுகிறது.

1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’யை இதனருகே வைத்துப் பார்க்கலாம். முஸ்தபாக்கண்ணுக்கு சௌதா மன்ஸில் என்ற பெரிய வீடே இருக்கிறது. மூதாதையர் பெருமை பேசிக்கொண்டே வீட்டுப் பொருள்களை விற்றுத் தின்கிறான். தன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா உலூமித்தீ’னில் முஹாஸபாவுக்கு, அதாவது தன்னைத் தானே கணக்கெடுப்பதற்கு, தனிப் பகுதியே ஒதுக்கினார். வட்டவளைப் பக்கத்து லயங்களில் ஓர் ஆண் தனியே அழவும் மூலை கிடையாது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் அவன் ஒதுங்குவதில் இதற்கும் பங்குண்டு. எனினும் இடம் மட்டும் மனிதனைத் திருத்திவிடாது என்பதற்கு சௌதா மன்ஸிலே சாட்சி.

தகப்பன் வெட்கப்படுவதால் மகளின் காயம் ஆறிவிடுவதுமில்லை. அதை அவள்தான் சொல்ல வேண்டும். ஆயினும், தீர்ப்புச் சொல்லும் தகப்பன்மார் மலிந்த நமது கதைகளுக்கு, வெட்கப்படத் தெரிந்த இந்தத் தகப்பன் அவசியமானவன்.