சிறுபொய்யும் பெருநகையும்: குறிஞ்சிப் பாடல்களில் தோழி

சங்க இலக்கியத்தை நகையோடு சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடையே பெரிதும் இல்லை. அகம் என்றதும் பிரிவும் ஏக்கமும் பசலையுமே நினைவுக்கு வருகின்றன. புறம் என்றதும் வீரமும் கொடையும் கையறுநிலையும் முன்னே வந்து நிற்கின்றன. அகப்பாடலொன்று மாணவர்முன் வைக்கப்படும்போது, அதன் திணை யாது, துறை யாது, முதல், கரு, உரிப்பொருள்கள் யாவை என்பனவே வினாவப்படுகின்றன. அதனைப் படித்து எவரேனும் சிரித்தனரா என்று வினாவுவாரில்லை. ஆயினும் குறிஞ்சித்திணைப் பாடல்கள் சிலவற்றை அடுத்தடுத்து வைத்து நோக்கின், அவை ஒரு வீட்டினுள்ளே நிகழும் நகைநாடகத்தின் காட்சிகள் போல அமைந்திருத்தலைக் காணலாம். ஒரு பெண், அவளோடு வளர்ந்த தோழி, ஒரு தாய், ஒரு சிறு பொய், அப்பொய்யைக் காக்க வேறு பொய்கள், ஈற்றில் வீட்டு முற்றத்தில் வேலனும் பலிக்கு ஒரு மறியும் என்று அந்நாடகம் விரிகின்றது. இப்பாடல்கள் வெவ்வேறு புலவர்களால் தனித்தனியே பாடப்பெற்றவை. ஒரு கதையின் தொடர்ச்சியாக அவர்கள் பாடினாரல்லர். எனினும் களவொழுக்கத்தின் படிநிலைகளை மரபே வகுத்துத் தந்திருத்தலால், அவ்வொழுங்கில் அவற்றை வைத்து நோக்குதல் தவறாகாது. இந்நாடகத்தில் பொய் எவ்வாறு வளர்கின்றது, அதனால் விளையும் நகை எத்தகையது, அதன் சுமையைத் தாங்குபவர் யார் என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோக்கவேண்டியது தலைவிக்கும் தோழிக்குமுள்ள உறவாகும். தோழி என்ற சொல்லை இன்று நாம் 'சிநேகிதி' என்ற பொருளிலேயே வழங்குகின்றோம். தொல்காப்பியர் கொண்ட பொருள் அதனினும் நெருக்கமானது. களவியலில் அவர் தோழியைச் செவிலியின் மகள் என்று வரையறுக்கின்றார். தலைவியைப் பாலூட்டி வளர்த்தவள் செவிலி. ஆகவே ஒரே மடியில் வளர்ந்த இருவரே தலைவியும் தோழியும். பிறப்பால் உடன்பிறந்தாரல்லரெனினும் வளர்ப்பால் அவர்கள் அக்காள் தங்கையரே. இவ்வரையறையை உரையாசிரியர்கள் இலக்கணச் செய்தியாகவே கூறிச் சென்றனர். ஆனால் பாடல்களோடு பொருத்தி நோக்கும்போது அதன் விளைவு பெரிதாகும். களவுக் காலத்தில் தோழி செவிலிக்குச் சொல்லும் பொய்கள் யாவும் அவள் தன்னை ஈன்ற தாய்க்குச் சொல்லும் பொய்களாகிவிடுகின்றன.

நாடகத்தின் முதற் காட்சியாகக் கலித்தொகையின் 51ஆம் பாடலைக் கொள்ளலாம். 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை முதன்முதல் அச்சிற் கொணர்ந்தவர் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்பது ஈழத்து மாணவர் பெருமையுடன் நினைத்தற்குரியது. கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் குறிஞ்சிக்கலியில் அமைந்த இப்பாடலிலே தலைவி தன் தோழியை அழைத்து ஒரு செய்தி கூறுகின்றாள். சிறுவயதில் நாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலாற் சிதைத்து, பூமாலையைப் பறித்து, பந்தையும் எடுத்துக்கொண்டு ஓடிய அந்தப் பட்டி ஒருநாள் வீட்டு வாயிலில் வந்து தண்ணீர் கேட்டான். அன்னை பொற்கலத்தில் நீர் கொடுத்து வருமாறு என்னை அனுப்பினாள். வந்தவன் அவன் என்று அறியாமற் சென்றேன். அவன் என் முன்கையைப் பற்றி இறுக்கினான். நான் திடுக்கிட்டு, இவன் செய்ததைப் பார் அம்மா என்று கூவிவிட்டேன். அன்னை அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அப்போது நான், தண்ணீர் குடிக்கும்போது இவனுக்கு விக்கல் எடுத்தது என்று சொல்லிவிட்டேன். அன்னை அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கள்வன் மகனோ கடைக்கண்ணால் என்னைக் கொல்வான்போல் நோக்கிச் சிரித்தான்.

இக்காட்சியில் நகை பல நிலைகளிற் பிறக்கின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுவர். இவற்றுள் இளமை இருவர் செயலிலும் உண்டு. பேதைமை, மகளைக் காக்க ஓடிவந்து, அவள் கையைப் பற்றியவனின் முதுகையே தடவும் தாயிடத்து உண்டு. ஆனால் நாம் ஊன்றி நோக்கவேண்டியது வேறொன்று. அலறலுக்கும் விக்கலுக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. விக்கியவன் அவன், கூவியவள் அவள். எனினும் அன்னை அதனை ஐயுற்றாளில்லை. வாயிலில் வந்து தண்ணீர் கேட்டவன் விருந்தினனாகவே இருத்தல் வேண்டும் என்பது அவளது விருப்பம். அவ்விருப்பத்துக்கு விக்கல் இசைந்தது. பொய் நிலைபெறுவது சொல்பவரின் திறமையால் மட்டுமன்று. அதனை நம்பவேண்டிய தேவை கேட்பவரிடத்தும் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையைக் குறிஞ்சிப் பாடல்கள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன.

இன்னொன்றும் இங்கே மனங்கொள்ளத்தக்கது. தாயிடம் மறைத்த செய்தியைத் தலைவி தோழியிடம் முழுவதுமாகச் சொல்லிவிடுகின்றாள். நிகழ்ந்தபோது அது அச்சம்; தோழியிடம் சொல்லும்போதுதான் அது நகையாகின்றது. அவள் இல்லையேல் இப்பாடலில் நமக்கு எஞ்சுவது ஓர் ஆடவனின் அத்துமீறலும் ஒரு பெண்ணின் மௌனமுமே.

அடுத்த நிலையிற் பொய் வீட்டை நிறைக்கின்றது. தலைவி இற்செறிக்கப்படுகின்றாள். தோள் மெலிகின்றது, பசலை படர்கின்றது. தாய் காரணம் வினாவுகின்றாள். இருவரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் சொல்லாது விட்டதை வேறொருவன் சொல்லி நிரப்புகின்றான். தாய் அழைத்த வேலன், இது முருகனால் வந்த நோய் என்கின்றான். இப்பொழுது பொய் பெண்களின் கையை விட்டுப் போய்விட்டது. அதனைச் சொன்னவன் தன் சொல்லைத் தானே நம்புகின்றான். தாயும் நம்புகின்றாள். மகளை ஆடவன் ஒருவன் தொட்டான் என்பதைக் காட்டிலும் கடவுள் தொட்டது என்பதை ஏற்பது அந்த வீட்டுக்கு எளிது. வெறியாட்டுக்குக் களம் அமைக்கப்படுகின்றது. பலிக்கு மறி கொணரப்படுகின்றது.

இங்கேதான் தோழியின் எள்ளல் முழுவலிமையுடன் வெளிப்படுகின்றது. குறுந்தொகை 111ஆம் பாடலில் அவள் தலைவியிடம், வேலன் சொன்னதை நம் அன்னையும் நம்பிவிட்டாள். மலைநாடன் விரைந்து வந்து நம் வீட்டாரின் இப்பெருநகையைச் சிறிது கண்டு செல்லட்டும் என்கின்றாள். நகை என்ற சொல்லே பாடலில் வந்திருத்தலால், இதனை நகைக்காட்சி என்பது நாம் வலிந்து கொண்ட பொருளன்று. குறுந்தொகை 362ஆம் பாடலிலோ அவள் வேலனிடமே, சினங் கொள்ளாதே, உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று பணிவாகத் தொடங்கி, நீ மறியைக் கொன்று இடும் பலியை இவளுக்கு நோய் தந்த மலைநாடனின் மார்பும் உண்ணுமோ என்று வினாவுகின்றாள். நற்றிணை 34ஆம் பாடலில் அவள் முருகனையும் விட்டாளில்லை. இது உன்னால் வந்ததன்று என்று நீ அறிவாய். அறிந்திருந்தும் வேலன் அழைத்தான் என்று கடம்பு சூடி வந்துவிட்டாய். நீ கடவுளே ஆயினும் அறியாமை உடையை என்று வாழ்த்துவதுபோல் இகழ்கின்றாள். வேலன், தாய், கடவுள் என்ற மூவரையும் ஒரே பொய்யின் வலையிற் கண்டு சிரிக்கும் துணிவை இலக்கியம் அவளுக்கே அளித்துள்ளது.

வெறியாட்டைப் பாடியமையாற் சிறப்புப் பெயர் பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூற்றுப் பாடல் ஒன்றிலே (22) தலைவியும் சிரிக்கின்றாள். வெறி அயர்ந்த இரவில் தலைவன் யாருமறியாது வந்து சேர்கின்றான். நோய் தணிகின்றது. தணித்தவன் ஒருவன், அதற்கென ஆடி ஓய்ந்தவன் தொடர்பற்ற வேலன். அதனை நினைந்து நான் சிரித்தேன் அல்லவா என்று அவள் கூறுகின்றாள். ஆயின் வெறியாட்டின் நகையினுள்ளே அச்சமும் உண்டு. வெறியாடியும் தன் அழகு மீளாதிருந்தால் என் செய்வது, செய்தி தலைவனுக்கு எட்டினால் யாது நேரும் என்ற கலக்கம் அப்புலவரின் மற்றோர் அகநானூற்றுப் பாடலிலே (98) சொல்லப்படுகின்றது. பொய் பலித்தாலும் இடர், பலிக்காவிட்டாலும் இடர். குறிஞ்சியின் நகை வெறுங் கேலியாகாமல் நிற்பது இதனாலேயாகும்.

பொய் இந்த அளவுக்கு வளர்ந்தபின் அதனை முடித்துவைக்கும் பொறுப்பும் தோழியுடையதே. அதுவே அறத்தொடு நிற்றல். இத்துறையை உண்மையை வெளிப்படுத்தல் என்று நாம் எளிதாகப் பொருள் சொல்லிவிடுகின்றோம். தொல்காப்பியரோ அதற்கு ஏழு வகைகள் கூறுகின்றார். தலைவனை எளியவனாகக் காட்டுதல், அவனை உயர்த்திப் பேசுதல், அவனது வேட்கையை உரைத்தல், உசாவுதல், காரணமொன்றை இட்டுரைத்தல், தற்செயலாக எதிர்ப்பட்டதாகக் கூறுதல் என்பன முதல் ஆறு. உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் ஏழாவதாக, இறுதியிலேதான் வைக்கப்பட்டுள்ளது. உண்மை கூடத் தாய் ஏற்கத்தக்க ஆடை உடுத்தே வீட்டினுள் நுழையவேண்டியிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அகநானூற்றின் 48ஆம் பாடல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மகள் பாலும் உண்ணாது மெலிந்தமைக்குக் காரணம் யாதென வினாவிய செவிலிக்கு, அதனை நானும் தெளிவாக அறியேன் என்று தோழி தொடங்குகின்றாள். அறத்தொடு நிற்றலின் தொடக்கமே ஒரு பொய். பின்னர் கதை சொல்கின்றாள். வேங்கைப்பூப் பறிக்கச் சென்ற நாங்கள் வழக்கப்படி புலி புலி என்று கூவினோம். உண்மையிலேயே புலி வந்ததென எண்ணி, மாலையும் சந்தனமும் அணிந்த ஒருவன் வில்லும் அம்புமாக வந்து, புலி எங்கே என்று கேட்டான். நாங்கள் நாணி ஒருவர் பின் ஒருவர் ஒளிந்தோம். உங்கள் வாயிற் பொய்யும் உண்டோ என்று கேட்டுவிட்டு, தேரை மெல்லச் செலுத்தி, உன் மகளின் கண்களைப் பலமுறை நோக்கிச் சென்றான். மாலையில் அவன் மறைந்த திசையைப் பார்த்து, இவனன்றோ ஆண்மகன் என்றாள் உன் மகள். அறிவுடையோர்க்கு இவ்வளவே போதும் என்று தோழி நிறுத்திக்கொள்கின்றாள். விளையாட்டுப் பொய்யொன்று மெய்யான மனிதனைக் கொணர்ந்தது என்ற இக்கதையை, பொய் சொல்லிவந்த ஒருத்தி, தன் பொய்யை முடிக்கும் வேளையிற் சொல்வது எத்துணை நுட்பமான நகை!

இக்காலத் தமிழ்த் திரைப்படங்களோடு ஒப்பிடுதல் இவ்விடத்தில் பயன்தரும். 1964இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யிலும் 1981இல் வெளிவந்த பாலசந்தரின் 'தில்லுமுல்லு'விலும் ஒரு பொய் மற்றொன்றை ஈன்று குடும்பத்தையே சுற்றிவளைக்கின்றது. முன்னதில் செல்வர் வீட்டுச் சம்பந்தத்துக்கு ஆசைப்படும் தந்தை, பின்னதில் மீசை பற்றிய தன் கொள்கையை விடாத முதலாளி ஆகியோரின் விருப்பமே பொய்யை வளர்க்கின்றது. இவ்வகையில் அவை குறிஞ்சி அன்னைக்கு உறவினர். ஆனால் இப்படங்களிற் பொய்யைப் படைத்து நடத்துபவர்கள் ஆண்கள். பொய்யின் பொறுப்பும் அதன் நகையும் இரு பெண்களின் உறவில் நிலைகொள்ளும் சிறப்பு அவற்றில் இல்லை.

எனினும் சங்கப் பாடல்களைப் பாராட்டுவதோடு அமைதல் திறனாய்வாகாது. இந்நகைநாடகத்தின் இழப்பு யாருடையது என்ற வினா எஞ்சுகின்றது. தலைவிக்கு ஈற்றில் வரைவு கிட்டும். தாய்க்கு மருமகன் கிட்டுவான். வேலனுக்கும் அன்றைய சிறப்புக் கிட்டியது. தோழிக்குக் கிட்டுவது யாது? அவளுக்கென ஒரு களவு இல்லை. அவள் காதலைப் பேச ஒரு துறை இல்லை. அகநானூற்றுப் பாடலில் அவள் செவிலியை நோக்கித் தலைவியை 'உன் மகள்' என்று குறிக்கின்றாள். தொல்காப்பியரின் வரையறையோடு இதனைச் சேர்த்து வாசித்தால், ஈன்ற தாயிடம் நின்று, மற்றொருத்தியை உன் மகள் என்று சொல்பவள் அத்தாயின் மகளே ஆவாள். மரபுத்தொடர் என்று உரைகாரர் இதனைக் கடந்து செல்லலாம். ஆனால் உயர்குடிப் பெண்ணின் வாழ்வைக் காப்பதற்காகவே மற்றொரு பெண்ணின் அறிவும் நாவும் செலவிடப்படும் ஓர் அமைப்பு அத்தொடரினுள் உறைந்துள்ளது. உடன்பிறப்புணர்வு மெய்யானதே, அதில் ஐயமில்லை. அவ்வுணர்வின்மீது குடியேற்றத்தாழ்வு அமர்ந்திருந்ததும் மெய்யே.

ஆகவே இப்பாடல்களை வாசிப்போர் முதலிற் சிரித்தல் வேண்டும். அவற்றைப் பாடியோர் நம்மைச் சிரிக்கவைக்க எண்ணியே பாடினர். பின்னர் அச்சிரிப்பை நமக்குத் தந்தவள் யாரென்றும் நினைத்தல் வேண்டும். துறைவகுத்த இலக்கணம் தோழியின் சொற்களைப் பேணிவைத்தது. அவள் வாழ்வைப் பேணவில்லை. அதனைத் தேடி வாசித்தல் இனிவரும் திறனாய்வின் கடனாகும்.