பூங்குன்றனார் பாட்டின் முடிபு

புறநானூற்றின் 192ஆம் பாட்டினது முதலடியை அறியாத தமிழர் அரியர். மேடைதோறும் அவ்வடி முழங்குகின்றது. ஆயின், 13 அடிகளான் இயன்ற அப்பாட்டின் எஞ்சிய 12 அடிகளையும் உளங்கொண்டு பொருள் காண்பார் சிலரே. முதலடியைத் தனியே பிரித்து வழங்குதலான் பாட்டின் கருத்துக்கு நேரும் குறை யாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் புலவர் பெயரை நோக்குவோம். கணியன் என்பது அவர்தம் தொழிலைக் குறிக்கும். பூங்குன்றம் என்பது அவர்தம் ஊரைக் குறிக்கும். இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே அவ்வூர் என்பது அறிஞர் கொள்கை. எல்லா ஊரும் நம்மூர் என்று பாடியவர் தம்மூர்ப் பெயரானேயே இன்றும் அறியப்படுகின்றார். இதனை முரண் என்பாரும் உளர், அற்றன்று. ஓரூரிற் பிறந்து ஒரு தொழில் புரிந்து வாழ்ந்த ஒருவரே பிற ஊர்களையும் தம்மூராகக் காண்டல் கூடும். தமக்கென ஊரில்லாதவர்க்கு அவ்வுவமை பொருள்படாது. ஆகவே, மாந்தர் ஒருமை என்பது தனியொருவர் அடையாளத்தை அழித்துப் பெறுவதன்று. அதனினின்று விரிவது என்க.

இனி, பாட்டின் நடையை நோக்குவோம். ‘இலம்’ என்னும் தன்மைப் பன்மை எதிர்மறை முற்று இதன்கண் நான்கு முறை வருகின்றது. வாழ்வை இனிதென்று களித்தலும், வெறுத்து இன்னாதென்று கூறலும், பெரியோரை வியத்தலும், சிறியோரை இகழ்தலும் ஆகிய நான்கும் விலக்கப்பட்டன. புறப்பாடல்கள் பலவும் ஓர் அரசனையோ வள்ளலையோ முன்னிறுத்துவன. இப்பாட்டில் அரசனும் இல்லை, குடியும் இல்லை, நாடும் இல்லை. ‘நாம்’ எனப் பேசுவோர் யாவர் என்பது அவர்கள் செய்யாதன கொண்டே அறியக்கிடக்கின்றது.

முதலடியும் முடிபும் இயையுமாறு யாது? நன்றும் தீதும் பிறரால் வருவன அல்ல என்பது இரண்டாம் அடியின் கருத்து. இஃதொன்றையே கொண்டால் ஒரு தீங்கு விளையும். தாழ்ந்தோன் தன் தாழ்வைத் தானே தேடிக்கொண்டான். ஆதலின் அவனை இகழ்தல் தகும் என்று கூறிவிடலாம். அம்முடிபினைத் தடுத்தற்கே புணையுவமை வருகின்றது. மழையாற் பெருகிப் பாறைகளில் மோதி ஒலிக்கும் பேராற்றிலே, நீரின் போக்கிற்கேற்பச் செல்லும் தெப்பம் போன்றது உயிர் என்கின்றார் புலவர். அவ்வாறாயின், உயர்ந்தோன் உயர்வு முழுதும் அவன் ஈட்டியதன்று. தாழ்ந்தோன் தாழ்வு முழுதும் அவன் குற்றமன்று. இவ்வுண்மையைத் தெளிந்தமையைக் காரணமாகக் காட்டிய பின்னரே வியத்தலும் இகழ்தலும் இல்லை என்னும் முடிபு கூறப்படுகின்றது. ஊழை உடன்பட்டது சோம்பலை வளர்க்கும் என்பார் இவ்வியைபினை நோக்கிற்றிலர். ஊழ் ஈண்டுச் செயலை ஒழிக்க வந்ததன்று. செருக்கினை ஒழிக்க வந்தது.

பொருண்மொழிக்காஞ்சித் துறையின்பாற்பட்ட வேறிரு பாடல்களை ஒப்புநோக்கின் இது தெளிவாம். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய 183ஆம் பாட்டு, கல்வியுடையானாயின் கீழ்ப்பிறந்தானுக்கும் மேற்பிறந்தான் பணிவான் என்கின்றது. ஆண்டுப் பிறப்பின் வரிசை கல்வியின் வரிசைக்கு இடந்தருகின்றதேயன்றி வரிசை என்பது ஒழியவில்லை. நக்கீரனார் பாடிய 189ஆம் பாட்டு, உணவும் உடையும் உலகாளும் அரசனுக்கும் விலங்கு தேடித் திரியும் வேடனுக்கும் ஒன்றே எனக் காட்டுகின்றது. அஃது உடலின் தேவைபற்றிய ஒப்புமை. பூங்குன்றனாரோ மாட்சியான் உயர்ந்தோர் உளர் என்பதை மறுத்திலர். அவ்வேறுபாட்டை மதிப்பின் அளவுகோலாக்குதலையே மறுத்தார். இம்மூன்றனுள் அவர் கண்டதே ஆழ்ந்தது என்பது எம் கருத்து.

முடிபின்கண் ஓர் ஏற்றமும் உண்டு. பெரியோரை வியத்தல் இல்லை. சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை. இரண்டையும் ஒரு நிகராக வைத்திலர். வியப்பு ஒருவனைத் தன்னிலையினின்று வழுவச் செய்யும். இகழ்ச்சியோ பிறனொருவனையே தாழ்த்தும். ஆதலின் பின்னதே பெருங்குற்றமாயிற்று.

இன வேற்றுமை உலகிற்கு இழைத்த கேட்டினைக் கண்டபின், 1950ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மாந்தர் அனைவரும் ஒரே குலத்தினர் என்று அறிக்கை விடுத்தது. அப்பொழுதும் அதன்பின்னரும் நம்மவர் பலர், இதனை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழன் உரைத்தான் என்று பெருமிதங் கொண்டனர். அப்பெருமிதம் இயல்பே. ஆயினும் எம் இனமே முதலிற் கண்டது, எம் இனமே உயர்ந்தது என்று அது வளருமாயின், பாட்டின் முதலடியைக் கொண்டு அதன் ஈற்றடிகளை மறுத்தவராவோம். நம் தீமைகட்குப் பிற இனத்தாரே காரணர் என்று கூறுவோமாயின் இரண்டாம் அடியையும் இழந்தவராவோம்.

ஆகவே, மாணாக்கர்க்கு இப்பாட்டினைக் கற்பிப்போர் முதலடியோடு அமையாது முடிபுகாறும் கற்பித்தல் வேண்டும். யாவரையும் கேளிர் என்று அழைத்தல் எளிது. அவருள் ஒருவரையும் இகழாதிருத்தல் அரிது. அவ்வரிய பகுதியையே புலவர் பாட்டின் இறுதியில் வைத்தார்.