வெள்ளைப் புடவைக்கு அப்பால்

கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய வெள்ளைப் புடவையைப் பற்றி எழுதிய அளவுக்குப் பாட்டைப் பற்றி எழுதவில்லை. 1933இல் கணவரும் நாடக மேடைப் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தபின் அவர் பூண்ட கோலம் வணங்கத்தக்கது. ஆனால் அது இசைக்கான தகுதிச் சான்று ஆகாது.

அந்தக் குரலை உருவாக்கியது நாடகக் கொட்டகை. ஒலிபெருக்கி கிடையாது, பக்கத்திலேயே கால் ஹார்மோனியம் முழங்கும், கடைக்கோடியில் இருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். 1876இல் ஜெர்மனியின் பைரூத் அரங்கில் வாக்னரின் இசைநாடகத்தில் புரூன்ஹில்டாவாகப் பாடிய ஆஸ்திரியப் பாடகி அமாலி மாதெர்னாவுக்கும் ஒலிபெருக்கி இல்லைதான். ஆனால் அங்கே வாத்தியக் குழுவை மேடைக்கடியில் பதுக்கி, பாடுபவருக்கு வழிவிட்டிருந்தார்கள். கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாளுக்கு அந்தச் சலுகை இல்லை. மேல் ஸ்தாயியில் நின்றாலும் சிதையாத சொல், தேயாத ழகரம்: இவை அந்த நெருக்கடி தந்தவை. தாளத்தின் பிடி தளரும் விருத்தத்தில் அவருக்கு நிகர் சிலரே. ராகம் பொருளுக்குப் பின்னால் நடக்கும், பொருளை மறைக்காது.

குறையும் அதே கொட்டகையிலிருந்து வந்தது. மைக் அருகே வந்த பிறகும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. கெஞ்சலும் கண்டனமும் ஒரே வீச்சில் வருகின்றன. 1935இல் லட்ச ரூபாய் ஊதியத்தில் திரைப்படத்தில் நந்தனாராக நடித்தார். ஊதியம் வரலாறானது, நடிப்பை எழுத்தாளர் கல்கி எள்ளி நகையாடினார். 1953இன் 'ஔவையார்' படம் துண்டு துண்டான கதை. அதைக் கோத்துக் கட்டியது அவர் குரல்தான். ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற அவருடைய முடிவால் நாம் இழந்ததையும் கணக்கில் வைக்க வேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்தின் தர்க்கப் பாட்டில் இருந்த குறும்பும் சீண்டலும் அத்தோடு போயின. எஞ்சியது பக்தி ஒன்றே. பாதிக் கலைஞரைத்தான் திரைப்படம் பதிவு செய்தது.

காரைக்கால் அம்மையார் வந்தடைந்த திருவாலங்காடு எங்கள் திருவள்ளூர்ப் பக்கம். அதனால் அடுத்துச் சொல்வதில் எனக்குச் சற்றுச் சாய்வு இருக்கலாம். 1973இல் ஏ.பி. நாகராஜனின் 'காரைக்கால் அம்மையார்' படத்தில் அழகிய புனிதவதியாக லட்சுமி, பேயுருவாகச் சுந்தராம்பாள். அறுபதைத் தாண்டிய குரல், கரகரப்பு மறையவில்லை. ஆனால் அழகை வேண்டாமென்று உதறி, திருவாலங்காட்டுக்குத் தலையால் நடந்து வந்தவளாகப் புராணம் சொல்லும் பெண்ணுக்கு இனிமை எதற்கு? வேறெங்கும் குறையாக நின்ற முரட்டுத்தனம் இங்கே பாத்திரத்தின் எலும்பாகிவிட்டது. 1969இன் 'துணைவன்' படத்துக்குக் கிடைத்த தேசிய விருதைவிட இந்தப் பொருத்தத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

கமக நுட்பம் தேடுவோர் கச்சேரி வித்துவான்களில் அவரை முதல் வரிசையில் வைக்க மாட்டார்கள், அது நியாயம். நடிகையாக இரண்டு மூன்று வேடங்களே தேறும். நாடக மேடைப் பாட்டில் மட்டும், கிட்டப்பாவுக்குப் பக்கத்தில் போட வேண்டிய இன்னொரு நாற்காலி அவருடையது.