வெறிநாய்க்கடி ஊசியும் ஆட்டின் உயிரும்

நாய்க்கடிக்கு வயிற்றில் ஊசியேற்ற முதியோரை மார்க்கையன்கோட்டை போன்ற ஊர்களில் இன்றும் காணலாம். அம்மருந்து, நோய்க்கிருமி ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையினின்று செய்யப்பட்டது; குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் உற்பத்தியாயிற்று. நமக்காக ஜீவனைக் கொடுத்த ஆடு என்று இதனைப் பிரசங்க உவமையாக்குவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. ஆடு கொடுக்கவில்லை, நாம் எடுத்தோம். வேறு மருந்தில்லாத காலத்தில் எடுத்ததைக் குறைகூறோம், பிழைத்தோர் அநேகர். ஆயின் உலக சுகாதார நிறுவனம் 1984 முதல் இதனைக் கைவிடுமாறு கூறியும், இந்தியா நிறுத்தியது 2004 இறுதியிலேயே. இடைப்பட்ட இருபதாண்டுகளும் பெரும்பாலும் மாற்று மருந்தின் விலைக்கு அஞ்சியே ஆடுகள் மடிந்தன. ஊசியேற்றோருள் சிலர் பக்கவாதமும் உற்றனர். ஆதியாகமத்தில் ஆளுகையைத் தேடுவோர், நினிவேயின் மிருகஜீவன்களையும் எண்ணிய தேவனை (யோனா 4:11) ஏனோ விட்டுவிடுகின்றனர். இன்றைய தடுப்பூசிகளுள் ஒருவகை வளர்க்கப்படும் வீரோ உயிரணுக்களும், 1962இல் ஒரு குரங்கின் சிறுநீரகத்தினின்று எடுக்கப்பட்டவையே.