முட்டைக்குக் கணக்கு உண்டு

தமிழ்நாட்டின் நலத்திட்டங்களைப் பழிப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். சோறு போட்டு மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள் என்ற பேச்சு 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதே பழசு. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. ஒருவர் ஏற்றிய அடுப்பை அடுத்து வந்தவர் அணைக்கவில்லை. நம் அரசியலில் இது சாதாரணமல்ல.

பொருளைக் கொண்டுசேர்ப்பதில் நம் நிர்வாகம் கெட்டி. அரிசி மூட்டை, சத்துமாவுப் பொட்டலம், முட்டை என்று எண்ண முடிந்ததெல்லாம் கடைசி ஊர்வரை போய்விடும். எண்ண முடியாத வேலைக்கு ஆள் வைக்கும்போதுதான் கை சுருங்குகிறது.

அங்கன்வாடியைப் பாருங்கள். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டச்சத்து அறிவு, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள். சுகாதாரத் துறை சிலவற்றில் தோள் கொடுத்தாலும், மையத்தில் இருப்பது ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். உதவியாளர் இடம் காலியென்றால் அடுப்பும் பணியாளர் தலையில். எடை பார்த்து போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போக வேண்டும். பலருக்கு வாக்காளர் பட்டியல் வேலையும் உண்டு. முட்டை குறைந்தால் ஊரே கேட்கும். பாட்டும் கதையும் விளையாட்டும் நடக்காவிட்டால் யாரும் கேட்பதில்லை. கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் எல்.கே.ஜி.யில் சேர்க்கும் தாய் அதைக் கேட்காமலே கேட்டுவிடுகிறாள்.

அரசுக்கும் இது தெரியாமலில்லை. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது, பாடத்துக்குத் தனி ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் புதிதாக ஆள் எடுக்காமல் உபரி இடைநிலை ஆசிரியர்களை அனுப்பியது. அவர்கள் அதைப் பதவி இறக்கமாகக் கருதி நீதிமன்றம் போனார்கள். நல்ல யோசனை சிக்கனத்தில் சிக்கியது.

ஊதியத்தில் தமிழ்நாடு பல மாநிலங்களைவிட மேல் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் 2018-இல் ஒன்றிய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டென்று சொல்ல 2022-இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. தொண்டர் என்று கூலி தருகிறார்கள். ஊழியர் என்று விளக்கம் கேட்கிறார்கள்.

காலமுறை ஊதியம் கேட்கும் சங்கங்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஊதியம் மட்டும் உயர்ந்தால் அதே ஒருவர் அதே ஆறு வேலைகளைச் செய்வார். முன்பருவக் கல்விக்கென்றே இன்னோர் ஆள் வேண்டும். அந்தத் திசையில் அரசு நகர்வதாகத் தெரியவில்லை. புதிய காலை உணவுத் திட்டத்திலும் சமையலுக்குப் பணியிடம் உருவாக்கவில்லை. பெரும்பாலும் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்களே சமைக்கிறார்கள். அதே பள்ளியில் மதியம் சமைக்கச் சத்துணவு ஊழியர்கள் வருகிறார்கள். ஒரே பிள்ளைகளுக்கு இரண்டு வேளை, இரண்டு விதமான வேலை நிபந்தனைகள்.