எசப்பாட்டாகக் கேளுங்கள்: டிரினிடாடை ரசிக்க ஒரு வழி

டிரினிடாட் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கிரிக்கெட் வீரர் பிரையன் லாரா. அடுத்ததாக, இறகும் ஜிகினாவும் மினுங்கும் கார்னிவல் படங்கள். வெனிசுவேலாவின் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சிறிய தீவு அது. டொபேகோவையும் சேர்த்தாலும் நாட்டின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம்தான். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவளியினர் சுமார் 35 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் சுமார் 34, தம்மைக் கலப்பினத்தவர் என்று குறித்துக்கொண்டவர்கள் சுமார் 23. மிச்சத்தில் சீனர், சிரிய-லெபனானியர், போர்த்துக்கீசியர், ஐரோப்பியக் குடியேறிகளின் வழிவந்தவர்கள், பழங்குடிகள்.

இப்படியொரு நாட்டின் பாட்டையும் கொட்டையும் ரசிக்கப் புகும்போது இரண்டு பழக்கங்கள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று வேர் தேடும் பழக்கம்: இது ஆப்பிரிக்கா, இது போஜ்புரி, இது ஸ்பானியம் என்று சீட்டு ஒட்டிப் பிரித்து வைப்பது. மற்றொன்று, எல்லாம் கலந்து ஒன்றாகிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்வது. சுற்றுலா விளம்பரங்களின் பேச்சு இது. வேர் தேடுகிறவர் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார். கலவை என்கிறவருக்கு எதையும் கூர்ந்து கேட்கும் தேவையே எழுவதில்லை. இரண்டையும் விடப் பொருத்தமான சொல் நம்மிடமே இருக்கிறது: எசப்பாட்டு. ஒருவர் ஓர் அடி எடுத்துவிட, எதிரே நிற்பவர் அதே மெட்டைப் பிடித்து மறுத்துப் பாடுகிறார். அதில் கேலி உண்டு, வீம்பு உண்டு, சில நேரம் நிஜமான கோபமும் உண்டு. ஆனால் எதிராளியின் மெட்டைக் காதில் வாங்காமல் பதில் பாட முடியாது. டிரினிடாடின் கலைகளை இப்படித்தான் கேட்க வேண்டும் என்பது என் வாதம். எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, இது யாருக்குச் சொன்ன பதில் என்று கேட்டுப் பாருங்கள்.

கொட்டுக்கு விழுந்த தடையிலிருந்து தொடங்கலாம். 1797இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை தீவு ஸ்பெயினுடையது. ஆனால் 1783க்குப் பிறகு அடிமைகளோடு வந்து குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளால் ஊர்ப்பேச்சும் கார்னிவலும் பிரெஞ்சுச் சாயல் கொண்டிருந்தன. கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் எந்நேரமானாலும் அடிமைகளைத் தீவட்டியும் கையுமாக ஓட்டிச் செல்வார்கள். 1838இல் முழு விடுதலை கிடைத்த பிறகு, அந்தக் கொடுமையையே அவர்கள் கார்னிவலின் சடங்காக நடித்துக் காட்டினார்கள். தீவட்டி, கம்புச் சண்டை, கொட்டு எல்லாம் உண்டு. கான்புலே என்று அதற்குப் பெயர். 1881இல் போலீஸ் அதை அடக்கப் போய்த் தெருச் சண்டையில் முடிந்தது. 1884இல் தீவட்டிக்கும் கொட்டுக்கும் கம்புக் கூட்டத்துக்கும் எதிராகச் சட்டம் வந்தது. பதில் மூங்கிலில் வந்தது. வெவ்வேறு நீளத்துக்கு வெட்டிய மூங்கில்களைத் தரையில் குத்தியும் ஒன்றோடொன்று தட்டியும் ஊர்வலம் போனார்கள். டம்பூ பம்பூ என்ற அந்த வாத்தியக் குழுக்களுக்குள் 1930களில் பிஸ்கட் தகரமும் பெயின்ட் டப்பாவும் நுழைந்தன. உலகப்போர் முடிந்த காலத்தில் எண்ணெய் பீப்பாய் வந்தது. ஸ்பிரீ சைமன், எல்லி மனெட், அந்தோணி வில்லியம்ஸ் போன்ற இளைஞர்கள் அந்தத் தகரத்தைத் தட்டித் தட்டி ஸ்வரம் பிறக்கவைத்தார்கள். அதை வாசித்தவர்களை ரவுடிகள் என்று ஒதுக்கிய அதே சமூகம், 1951இல் லண்டன் விழாவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. 1992இல் ஸ்டீல்பான் என்ற அந்தப் பீப்பாயே தேசிய வாத்தியம் ஆனது. நாட்டின் சின்னத்திலிருந்த கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அங்கே ஸ்டீல்பானை வைப்பதற்கான மசோதா 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

ஸ்டீல்பானைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 55 கேலன் பீப்பாயின் அடித்தட்டைச் சம்மட்டியால் அடித்து அடித்து வாணலி போலக் குழிவாக்குகிறார்கள். அந்தக் குழிவுக்குள் ஸ்வரம் ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்து, அந்த இடத்தைக் கீழிருந்து லேசாகப் புடைக்கவைத்து, தீயில் காட்டிப் பதப்படுத்தி, கடைசியில் சிறு சுத்தியலால் சுருதி சேர்க்கிறார்கள். நல்ல கலைஞர் சேர்த்த ஸ்வரத்துக்குள் அதன் மேல் ஸ்தாயியும் மெல்ல ஒலிக்கும்; பானின் மினுமினுப்பு அங்கிருந்துதான் வருகிறது. இப்போது பரவலாக வழங்கும் டெனர் பானில் ஸ்வரங்கள் ஏறுவரிசையில் இருக்காது. அந்தோணி வில்லியம்ஸ் வகுத்த முறையில் ஸட்ஜத்துக்குப் பக்கத்தில் அதன் பஞ்சமம், அதற்குப் பக்கத்தில் அந்தப் பஞ்சமத்தின் பஞ்சமம் என்று வட்டம் சுற்றிவருகிறது. உறவுள்ள ஸ்வரங்களே அண்டை வீட்டுக்காரர்கள். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். ஒரு பெரிய குழு வாசிக்கும்போது மெட்டைத் தேடி ஓடாதீர்கள். முதலில் இன்ஜின் ரூம் என்று அவர்கள் அழைக்கும் தாளப் பிரிவைக் கேளுங்கள். அங்கே காரின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிப்பவர் ஒருவர் இருப்பார். நூறு பேர் வாசித்தாலும் அவர்களைக் கட்டி இழுப்பது அந்த இரும்புச் சத்தம்தான். பிறகு பேஸ், பிறகு நடுப் பான்கள், கடைசியில் மெட்டு.

1963 முதல் கார்னிவல் காலத்தில் நடக்கும் பனோரமா போட்டியில் ரெனகேட்ஸ் என்ற குழுவுக்கு ஒன்பது முறை பட்டம் வாங்கித் தந்த இசையமைப்பாளர் ஜித் சமரூ, இந்திய வம்சாவளியினர். ரெனகேட்ஸோ போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தின் ஆப்பிரிக்க வம்சாவளித் தெருக்களில் பிறந்த குழு. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அரசின் தடைக்குச் சொன்ன பதிலுக்குள், கரும்புக் கூலிகளின் பேரன் தன் அடியை எடுத்துவிடுகிறார். அவருடைய அமைப்புகளில் ஸ்வரங்கள் மின்னல் வேகத்தில் உருண்டோடும். அதில் இந்திய ராகம் எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான். பானின் சொந்த மொழியிலேயே பேசி, அந்த மொழியின் வேகத்தைக் கூட்டியதே அவர் செய்தது.

இந்தியர் பக்கத்துக் கதையும் தடையோடு பின்னியதே. 1845 மே 30 அன்று ஃபாட்டல் ரசாக் என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1917 வரை சுமார் 1,43,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த போஜ்புரி பேசும் மக்கள்; சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. மதராஸி வழிக் காளி கோயில்களில் இன்றும் அடிக்கும் டப்பு, நம் தப்புதான். கூலிகளின் பெரிய பொதுவிழா ஹோசே, அதாவது மொகரம். ஷியாக்களின் துக்க ஊர்வலமான அதில் இந்துக்களும் தோள் கொடுத்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்ந்தார்கள். கொட்டுக்கு எதிராகச் சட்டம் வந்த அதே 1884இல், அக்டோபர் 30 அன்று, சான் ஃபெர்னாண்டோவுக்குள் ஊர்வலம் வரக்கூடாது என்ற உத்தரவை மீறி நடந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது 16 பேர் செத்தார்கள். ஹோசே சாகவில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் தெருக்களில் மூங்கிலும் காகிதமும் கொண்டு கட்டிய தாஜா என்ற கல்லறை மாதிரிகள் இன்றும் நகர்கின்றன, முன்னால் டாசா என்ற கொட்டு முழங்க.

அந்த டாசாவைக் கேட்கும்போது பெயர்களைக் கவனியுங்கள். முன்னின்று மனம்போல வீசி வாசிப்பது கட்டர். மாறாத நடையைப் பிடித்து நிற்பது ஃபூலே. அடியில் பெரிய பேஸ், மேலே பித்தளைத் தாளம். கட்டர், ஃபூலே என்ற இதே பெயர்கள் டம்பூ பம்பூவின் மூங்கில்களுக்கும் உண்டு. ஃபூலே பிரெஞ்சு கிரியோல் வழி வந்த சொல். டாசாவின் தாள வகைகளைக் கை என்ற பொருளில் ஹேண்ட் என்கிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு ஹேண்ட், ஹோசேயின் துக்கத்துக்கு வேறு ஹேண்ட். கூடவே கிரியோல் ஆட்டத்தின் பெயரைத் தாங்கிய டிங்கோலே என்ற ஹேண்டும் இருக்கிறது. இந்த வாத்தியத்தை இந்தியக் கொட்டு என்று சீட்டு ஒட்டி வைத்தால் பாதிதான் காதில் விழும்.

பதில் எதிர்த்திசையிலும் போயிற்று. இந்தியர்கள் நிறைந்த தென்பகுதியில் வளர்ந்த கலிப்சோ பாடகர் லார்ட் ஷார்ட்டி, 1970களின் தொடக்கத்தில் டோலக்கைத் தன் பாட்டுக்குள் கொண்டுவந்தார். இந்தியப் பாட்டைப் பாடுகிறாய் என்று விமர்சனம் எழுந்தது. அவர் இந்திய வாத்தியங்களைக் குறைத்துவிட்டு, அவற்றின் தாளத்தை மட்டும் டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் பிரித்துக் கொடுத்தார். உலகமே ஆடும் சோகா இசையின் பிறப்பு இது. 1987இல் துரூபதி ராம்கூனாய் சட்னி சோகா என்ற பாட்டோடு கார்னிவல் மேடைக்கு வந்தபோது, இந்தியப் பெண் கலிப்சோ கொட்டகையில் பாடுவதா என்று இந்துச் சமூகத்திலிருந்து கண்டனம் கிளம்பியது. கல்யாணத்துக்கு முந்தைய மட்டிக்கோர் இரவில் பெண்கள் தங்களுக்குள் பாடிய குறும்புப் பாட்டுகளே சட்னி இசையின் ஊற்று. துரூபதி அந்த அறையின் கதவைத் தெருப்பக்கம் திறந்தார். அவருடைய குரலில் இரண்டு பேருக்குப் பதில் இருக்கிறது: மேடையைத் தங்களுடையது என்று நினைத்த ஆண்களுக்கும், பெண்ணை வீட்டுக்குள் வைக்க நினைத்த பெரியவர்களுக்கும்.

இங்கே நம் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு வரும். சட்னி பாட்டின் இந்தி சிதைந்த இந்தி; பாடுகிறவருக்கே பல சொற்களின் பொருள் தெரியாது; மூலத்தை அறிந்தவருக்கு இது நகலின் நகலாகப்படாதா? மொழி தேய்ந்தது உண்மை. அது ஓர் இழப்பு என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் ரசனைக்கான அளவுகோலை மூலத்திலிருந்து எடுத்துவந்தால், கண்முன் நடப்பது தெரியாமல் போய்விடும். டிரினிடாடில் நெடுங்காலம் வாழ்ந்த கவிஞர் டெரக் வால்காட் 1992இல் நோபல் உரையை ஃபெலிசிட்டி என்ற கிராமத்தின் ராம்லீலாவிலிருந்து தொடங்கினார். முதலில் அதை நாடகமாக, எங்கோ இருக்கும் மூலத்தின் எதிரொலியாகப் பார்த்ததாகவும், அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை, நம்புகிறார்கள் என்று பிறகே உணர்ந்ததாகவும் அவர் ஒப்புக்கொண்டார். அங்கேயே வாழ்ந்த கவிஞருக்கே அந்தத் தவறு நேர்ந்திருக்கிறது என்றால், தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. இத்தனை எசப்பாட்டு பாடும் நாடு வாக்குச்சாவடியில் இனவாரியாகப் பிரிந்து நிற்கிறதே, இசையைக் காட்டி அந்தப் பிளவை மறைக்கலாமா? மறைக்கக் கூடாது. 1956இலிருந்து பிஎன்எம் கட்சியின் பின்னால் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும், எதிர் அணியின் பின்னால் பெரும்பாலும் இந்தியரும் திரண்டதே நாட்டின் தேர்தல் வரலாறு. இந்தியரின் பெயரையும் சாப்பாட்டையும் கேலி செய்த கலிப்சோக்கள் பல உண்டு. அவற்றில் சில வலிக்கும்படியானவை. ஆனால் என் வாதம் நல்லிணக்கத்தைப் பற்றியதே இல்லை. எசப்பாட்டில் எதிரிகள் எதிரிகளாகவே நிற்கலாம். பிகோங் என்கிற, ஆளை நேருக்கு நேர் சீண்டும் கலிப்சோ மரபின் இலக்கணமே அதுதான். 1961இல் கலிப்சோ மகுடம் வாங்கிய மைட்டி டூக்ளாவை எடுத்துக்கொள்ளுங்கள். டூக்ளா என்பது ஆப்பிரிக்க-இந்தியக் கலப்பில் பிறந்தவரைக் குறிக்கும் போஜ்புரி வசைச்சொல். அந்த வசையையே மேடைப்பெயராக வைத்துக்கொண்டு, எல்லோரையும் அவரவர் தாய்நாட்டுக்கு அனுப்புவதென்றால் தன்னை இரண்டாகப் பிளந்தல்லவா அனுப்ப வேண்டும் என்று பாடினார். சிரித்துக்கொண்டே கேட்ட கூட்டத்தில் இரு தரப்பாரும் இருந்தார்கள். பிளவை மறைக்கிற பாட்டா இது? அதன் நட்டநடுவில் நின்று பாடிய பாட்டு.

இசைக்கு வெளியிலும் இதே காதோடு போகலாம். சிபாரியா ஊரின் கத்தோலிக்க ஆலயத்தில் கருநிற மாதா சிலை ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கருக்கு அவள் தெய்வீக மேய்ப்பி. இந்துக்களுக்கு சிபாரி மாய். பெரிய வியாழன் இரவும் புனித வெள்ளியும் இந்துக் குடும்பங்கள் வரிசையில் நின்று எண்ணெயும் அரிசியும் படைக்கிறார்கள், குழந்தையின் முதல் முடியை இறக்குகிறார்கள். ஒரு தரப்பு மற்றதன் பெயரை ஏற்கவும் இல்லை, வரிசையைக் கலைக்கவும் இல்லை. வாட்டர்லூ கடற்கரையில் சிவதாஸ் சாது என்ற தொழிலாளி 1947இல் சர்க்கரைக் கம்பெனி நிலத்தில் கோயில் கட்டினார். அதை இடித்து, அவரைச் சிறையிலும் வைத்தார்கள். நிலம் உங்களுடையது என்றால் கடல் யாருடையது என்பதுபோல, கல்லையும் மண்ணையும் சுமந்து கடலுக்குள் கொட்டி, ஆண்டுக்கணக்கில் உழைத்து, தண்ணீரிலேயே கோயில் எழுப்பினார். கையில் டபிள்ஸ் கிடைத்தால் அதையும் இப்படிச் சாப்பிடுங்கள்: மஞ்சள் போட்டுப் பொரித்த இரண்டு பாரா, நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே நம் கொத்தமல்லி வாசத்தை ஒத்த கரீபியக் கீரை. அந்தக் கீரைக்கு அவர்கள் சொல்லும் ஷாடோ பெனி என்ற பெயர் பிரெஞ்சிலிருந்து திரிந்தது.

தொடங்குவதற்கு ஒரு பதிவைச் சொல்கிறேன். 1995 பனோரமாவில் ரெனகேட்ஸ் வாசித்து வென்ற ‘ஃபோர் லாரா ஃபோர்’. பாட்டு நமக்குத் தெரிந்த அதே லாராவைப் பற்றியது, அதைப் பான் குழுவுக்காக அமைத்தவர் ஜித் சமரூ. போட்டிக்கு வாசிப்பது என்பதால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூன்று முறை கேளுங்கள். முதல் முறை இரும்பை மட்டும், இரண்டாம் முறை பேஸை மட்டும். மெட்டை மூன்றாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.