ஹோமரின் கரும்பலகை

‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் 1998 அத்தியாயம் ஒன்றில், மந்தபுத்தி ஹோமர் கரும்பலகையில் எழுதுகிறார்: 3987¹² + 4365¹² = 4472¹². இரண்டுக்கு மேற்பட்ட அடுக்கில் இரு நேர் முழு எண்களைக் கூட்டினால் அதே அடுக்கில் இன்னொரு முழு எண் வராது என்னும் ஃபெர்மாவின் கடைசித் தேற்றப்படி இது நடக்கவே கூடாது. ஆனால் சாதாரண கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், சரி என்றே சாதிக்கும்! இருபுறமும் முதல் 10 இலக்கங்கள் அச்சாக ஒன்றே. இத்தகைய எண்களைப் பிடிக்கவே கணினி நிரல் எழுதியவர், தொடரின் எழுத்தாளர் டேவிட் எக்ஸ். கோஹன்.

1995இல் அதே தொடரில் வந்த இந்தச் சமன்பாட்டின் அண்ணன், 1782¹² + 1841¹² = 1922¹², கொஞ்சம் அசடு. இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. பள்ளிப் பிள்ளையே பிடித்துவிடும். தம்பி கெட்டிக்காரன். அவனை மடக்க இலக்கங்களைக் கூட்டி, மூன்றால் வகுபடுமா என்று பார்க்க வேண்டும்: 3987, 4365 இரண்டும் மூன்றால் வகுபடும், 4472 வகுபடாது.